மண்ணெண்ணெயில் ஓடிய காருக்கு என்ன மதிப்பு?

பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்ஸ் டோர்முவா நிலையத்தில் 12ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால், எங்கும் மாறாமல் போர்த் த வெர்சாய் போய் இறங்கலாம். பழைய கார்களுக்கான ரெட்ரோமொபில் கண்காட்சி ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடப்பது அங்கேதான். 2015 பிப்ரவரி 6 அன்று அந்தக் கண்காட்சியில் ஆர்க்கூரியால் என்ற ஏல நிறுவனம் ஒரு வினோதமான ஏலத்தை நடத்தியது. மேற்குப் பிரான்சின் ஒரு பண்ணை வீட்டில், தகரக் கொட்டகைகளுக்குக் கீழே பல பத்தாண்டுகள் கிடந்த கார்கள் ஏலத்துக்கு வந்தன. ரோஜே பயோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் 1950களிலிருந்து ஓர் அருங்காட்சியகம் அமைக்கும் கனவோடு வாங்கிச் சேர்த்தவை. தொழில் நொடித்தது, கனவு நின்றது, கார்கள் அப்படியே கிடந்தன. சிலவற்றின் கூரை சரிந்திருந்தது. சிலவற்றுக்குள் செடி முளைத்திருந்தது.

அவற்றில் ஒரு ஃபெராரி இருந்தது. நடிகர் அலென் தெலோனோடு படமெடுக்கப்பட்ட 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். பழைய பத்திரிகைக் கட்டுகள் மேலே குவிந்த நிலையில் அதைக் கண்டெடுத்தார்கள். ஏலத்துக்குக் கொண்டுவரும்போது அதைப் புதுப்பிக்கவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை, தூசியைக்கூட முழுதாகத் துடைக்கவில்லை. 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

ஏன் துடைக்கவில்லை? பழைய காரை மதிப்பிடும் கலை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. காரின் முன்னால் நிற்கும் நடுவர் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். அழகாக இருக்கிறதா? உண்மையாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு நல்ல விடை வரவேண்டும் என்று செய்யும் வேலை, பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான சாட்சியங்களை அழித்துவிடுகிறது.

முதலில் அழகு. இன்று நாம் ஷோரூமில் வாங்கும் கார், எஞ்சின் முதல் இருக்கை வரை ஒரே கம்பெனியின் பொருள். இரண்டாம் உலகப் போருக்கு முன் உயர்ரகக் கார்கள் அப்படி வரவில்லை. டெலாயே, டெலாஜ், தால்போ-லாகோ, புகாட்டி போன்ற நிறுவனங்கள் பல வேளைகளில் சேஸிஸையும் எஞ்சினையும் மட்டும் விற்றன. வாங்கியவர் அதைத் தனக்குப் பிடித்த பட்டறைக்கு அனுப்பி, தன் விருப்பப்படி பாடி கட்டிக்கொண்டார். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே புரியும். சேஸிஸ் ஓரிடம், பாடி ஓரிடம், ரசனை வாங்குபவருடையது. இந்தப் பட்டறைகளின் தலைநகரம் பாரிஸும் அதைச் சுற்றிய ஊர்களும். லெவல்லுவாவில் ஆன்ரி ஷாப்ரோன், நெய்யியில் ஜாக் சவூட்சிக், புலோஞ்ஞில் ஜோசப் ஃபிகோனி.

சவூட்சிக் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர், மரச்சாமான் செய்யும் தச்சர். ஃபிகோனி இத்தாலியின் பியாசென்சாவில் பிறந்து, சிறுவயதில் பாரிசுக்கு வந்தவர். 1935இல் அவரோடு கூட்டுச் சேர்ந்த ஃபலாஸ்கியும் இத்தாலியர். பிரெஞ்சு நேர்த்தி என்று உலகம் இன்று கொண்டாடும் கார்களில் மிகச் சிறந்தவற்றைக் கட்டியவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை கற்றுக்கொண்ட குடியேறிகள். லாச்சப்பலில் வாழும் நமக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1930களில் புலோஞ் காட்டில் நடந்த அழகுப் போட்டிகளில் புதிய கார்கள்தாம் வரிசையில் நின்றன. காரின் நிறத்துக்குப் பொருத்தமான உடையில் பெண்கள் அவற்றை நடுவர் முன் கொண்டுவந்தார்கள். ஃபிகோனியின் 'நீர்த்துளி' வடிவத் தால்போ-லாகோ அங்கே புகழ் பெற்றது. அந்த வடிவத்தில் கட்டியவை மொத்தம் பதினாறு அளவில்தான். அவற்றில் ஒன்று கபூர்தலா அரச குடும்பத்து மருமகள் ஸ்டெல்லாவிடம் இருந்தது. இன்னொன்று 2022இல் அமெரிக்க ஏலத்தில் 1 கோடியே 34 லட்சம் டாலருக்கு விற்றது.

அந்த நீர்த்துளிக்குப் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது. ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பதில் பெரும்பங்கு அதன் வால் பகுதியில் நடக்கிறது. பாடியை ஒட்டி வரும் காற்று பின்புறத்தில் திடீரெனப் பிரிந்தால், அங்கே சுழல்கள் உண்டாகி அழுத்தம் குறைகிறது. முன்னால் அழுத்தம், பின்னால் குறையழுத்தம் என்றால் கார் பின்னோக்கி உறிஞ்சப்படுகிறது. கூரை மெல்ல மெல்லச் சரிந்து வால் கூம்பினால் காற்று கடைசிவரை ஒட்டிக்கொண்டு வரும். ஹங்கேரியில் வேர்கொண்ட பொறியாளர் பால் யாரை 1920களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஃபிகோனி அந்த அறிவைத் தன் கண்ணால் மொழிபெயர்த்தார். சக்கரங்களை மட்கார்டால் முழுதாக மூடியது பார்வைக்கு வேகமாக இருந்தது. பிரேக்குகள் சூடானால் காற்றுப்பட வழியில்லை என்பதும் உண்மை. அழகு எப்போதும் பொறியியலுக்கு விசுவாசமாக இருந்ததில்லை.

இன்னொரு அறிவியல் தகட்டில் இருக்கிறது. தட்டையான காகிதத்தை ஒரு பக்கமாக வளைத்து உருளையாக்கலாம். கோளமாக்க முடியாது, கசங்கும் அல்லது கிழியும். உலோகத் தகடும் அப்படியே. இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைய வேண்டுமானால் சில இடங்களில் அது நீள வேண்டும், சில இடங்களில் சுருங்க வேண்டும். பெரிய அச்சு இயந்திரம் இதைச் செய்துவிடும். ஆனால் அச்சு செய்யும் செலவு ஆயிரக்கணக்கான கார் விற்றால்தான் கட்டும். ஒரே ஒரு கார் கட்டும் பட்டறையில் தொழிலாளி சுத்தியலாலும் உருளைகளாலும் தகட்டை அடித்து நீட்டினார். அப்படி அடித்த தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது, நீண்ட இடத்தில் மெலிந்திருக்கும். இன்று மீயொலித் தடிமன்மானியை வைத்துப் பார்த்தால் அந்தக் கை எங்கே உழைத்தது என்று வரைபடமே போடலாம். பின்னாளில் மாற்றிய மட்கார்டு அந்த வரைபடத்தில் அந்நியமாக நிற்கும்.

புகாட்டி அட்லாண்டிக் காரின் நடுமுதுகில் ஓடும் ஆணி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். மீன் முதுகுத் துடுப்பு போல மேலெழும் ஒரு மடிப்பு, அதில் வரிசையாக ரிவெட். 1935 பாரிஸ் கார் கண்காட்சியில் வைத்த அதன் முன்மாதிரிக்கு மக்னீசியம் கலந்த எலெக்ட்ரான் என்ற உலோகத்தைப் பயன்படுத்தினார்கள். மக்னீசியம் எளிதில் தீப்பற்றும், வெல்டிங் செய்வது ஆபத்து. அதனால் இரண்டு பாதிகளையும் விளிம்பில் மடித்து ஆணியடித்தார்கள். பின்னர் கட்டிய நான்கு கார்களும் அலுமினியம். அலுமினியத்துக்கு அந்த ஆணி தேவையில்லை. ஆனாலும் ஜான் புகாட்டி அதை விடவில்லை. கட்டாயத்தில் பிறந்த ஒரு தையல், காரின் முகவரியாகிவிட்டது. 2011இல் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் ரால்ஃப் லோரனின் தொகுப்பைக் காட்சிக்கு வைத்தபோது, அந்த நான்கில் ஒன்று அங்கே நின்றது. ஓவியமும் மரச்சாமானும் வைக்கும் கட்டடத்தில் ஒரு கார் கொஞ்சமும் கூச்சமில்லாமல் பொருந்தியது.

இப்போது நடுவரின் கண். பாடியின் மேற்பரப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க, டிங்கரிங் பட்டறைக்காரர் ட்யூப் லைட்டின் பிம்பத்தைத் தகட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார். ஒரு பரப்பு சிறிது சாய்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி இருமடங்கு கோணத்தில் சாய்கிறது. அதனால்தான் விரலுக்குத் தெரியாத பள்ளம் பிம்பத்தில் நெளிவாகத் தெரிகிறது. போட்டி நடுவர்கள் செய்வதும் இதுவே. பெயின்ட், குரோமியம் முலாம், கதவு இடைவெளி, தையல், பானெட்டுக்குள் உள்ள கிளிப் வரை பார்த்து மதிப்பெண் குறைப்பார்கள்.

அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டி 1950இல் தொடங்கியபோது அங்கேயும் புதுக் கார்கள்தாம் வென்றன. 1955இல் பந்தய வீரர் ஃபில் ஹில் தானே புதுப்பித்த 1931 பியர்ஸ்-ஆரோ முதல் பரிசு பெற்றது. அன்றிலிருந்து காற்று மாறியது. பழைய காரைப் புதுசாக்கு, புதுசைவிடப் புதுசாக்கு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பு பரிசு வாங்கியது. 1930களின் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டை மெருகேற்றினால் மென்மையான ஆழம் கிடைக்கும். கண்ணாடி போன்ற ஈரப்பளபளப்பு அதற்கு வராது, அது பின்னாளைய வேதியியலின் குணம். எத்தனையோ கார்களிலிருந்து பழைய பெயின்ட்டையும் பழைய தோலையும் பழைய மரச்சட்டத்தையும் பிய்த்துக் குப்பையில் போட்ட ஆண்டுகள் அவை. எனக்கு இதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவற்றோடு போனது திரும்பி வராது.

போனது எது என்று சொல்ல, அந்தப் பொருள்கள் எப்படிச் சாட்சி சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். பெயின்ட்டிலிருந்து கடுகளவு ஒரு துகளை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் தெரியும். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம், இடையில் தூசி படிந்ததா, எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள். நிறமியின் வேதியியல் காலத்தையே சொல்லும். ரூட்டைல் என்ற படிக வடிவத்திலுள்ள டைட்டேனியம் வெள்ளை 1940களில்தான் வழக்கத்துக்கு வந்தது. 1936 கார் ஒன்றின் அடி அடுக்கில் அது இருந்தால், அந்தத் தகட்டில் முதல் பெயின்ட் பட்டது 1936இல் அல்ல.

இருக்கைத் தோலைக் கார்பன்-14 அளவால் சோதிக்கலாம். 1950களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றின. 1963 அளவில் வடகோளத்தில் அது ஏறத்தாழ இருமடங்கைத் தொட்டது. புல் அதை வாங்கியது, மாடு புல்லைத் தின்றது, தோலில் அது பதிந்தது. போருக்கு முந்தைய அசல் இருக்கை என்று விற்கும் தோலில் அந்தக் கூடுதல் கார்பன் இருந்தால் பேச்சு முடிந்தது.

சேஸிஸ் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், மோசடிகள் அதிகம் நடக்கும் இடம் அது. எண்ணை அச்சால் அடிக்கும்போது எழுத்தின் பள்ளத்தோடு வேலை முடிவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்கி, அங்கே இரும்பின் தன்மை மாறுகிறது. யாராவது எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புது எண் அடித்தாலும், கீழேயுள்ள நசுங்கல் மிஞ்சியிருக்கும். மெருகேற்றிய பரப்பில் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் நசுங்கிய இடம் வேறு வேகத்தில் அரிபடும், பழைய எண் நிழல் போல எழும். திருட்டு வண்டிகளைக் கண்டுபிடிக்கத் தடயவியல் நிபுணர்கள் கையாளும் அதே முறை.

ஆனால் எல்லாச் சோதனையும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். பாதி மாறிய கார் அதே கார்தானா?

1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் இதைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் லெமான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்றது. அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் கார் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கியது. சொன்னதில் நியாயம் இருந்தது. 1930களில் அந்தக் காரை ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்துக்காக மாற்றிக் கட்டினார்கள், பெரிய எஞ்சின் வைத்தார்கள். 1932இல் விபத்தில் ஓட்டுநர் இறந்தார். பிறகு மறுபடியும் கட்டினார்கள். 1929இன் பாகங்கள் அதில் மிகக் கொஞ்சம். நீதிபதி ஓட்டன் நுட்பமாகப் பிரித்தார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் 'ஒரிஜினல்' என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது நகலும் அல்ல. அதன் வாழ்க்கையில் எங்கும் முறிவு இல்லை, மாற்றங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த காருக்கு வரிசையாக நடந்தவை, அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு காரும் இல்லை. ஆகவே இதுவே உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்.

திருவாரூர் ஆழித்தேரைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு வியப்பாக இராது. 1926இல் பழைய தேர் எரிந்துபோனது. புதிதாகக் கட்டினார்கள். இடையில் நின்று, 1970இல் மீண்டும் ஓடியபோது திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் ஏறியிருந்தன. வடம் பிடித்தவர் எவரும் இது ஆழித்தேர் இல்லை என்று சொல்லவில்லை. பாரிஸில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் கோடை முடிவில் லாச்சப்பல் தெருக்களில் வரும்போது, அதன் மரத்தின் வயதை யாரும் கேட்பதில்லை. தேருக்கு ஒரு நீதி, காருக்கு வேறு நீதி என்பது முழுச் சரியில்லை. காருக்கு ஆவணம் கேட்கிறோம், ஏனென்றால் காரில் பணம் இருக்கிறது, பொய் சொல்லவும் காரணம் இருக்கிறது. தொடர்ச்சியே அடையாளம் என்ற அடிப்படை மட்டும் இரண்டுக்கும் பொது.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966இல் இந்தப் பாரிஸில்தான் தொடங்கியது. 30 ஆண்டு நிறைந்த, வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணிய, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாத வண்டியை அது வரலாற்று வாகனம் என்கிறது. வண்டிகளை வகைப்படுத்தும்போது அது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. வண்டி கட்டியபடி இருக்கிறதா, அதன் காலத்திலேயே மாற்றியதா, பின்னாளில் மாற்றியதா, நகலா என்பது ஒன்று. எவ்வளவு பேணியது, எவ்வளவு புதுப்பித்தது என்பது இன்னொன்று. இதில் நான் பெரிதாக மதிப்பது 'காலத்திலேயே மாற்றியது' என்ற வகை. மாற்றம் என்றாலே மதிப்புக் குறைவு என்ற மூடநம்பிக்கையை அது உடைக்கிறது. 2013இல் வந்த டூரின் சாசனம், பழைய கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில், இன்னும் தெளிவாகப் பேசுகிறது. முடிந்தவரை பேணு, தேவையான அளவே தொடு, தொட்டதை எழுதி வை.

இந்தப் பார்வை மெல்ல மெல்ல வென்றுவருகிறது. பெபிள் பீச்சில் 2024இல் முதன்முறையாக, புதுப்பிக்காமல் பேணிய கார் ஒன்று ஒட்டுமொத்தப் பரிசு வாங்கியது. 1934 புகாட்டி டைப் 59. கிராண்ட் ப்ரீ பந்தயக் காராகப் பிறந்து, பின் ஸ்போர்ட்ஸ் காராக மாற்றம் கண்டு, பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டிடம் போனது. அவர் கறுப்படித்து மஞ்சள் கோடு போட்டார். அந்தக் கறுப்பும் மஞ்சளும் உதிர்ந்தும் வெடித்தும் அப்படியே இருக்கின்றன. நீலப் பந்தய நிறத்துக்குத் திருப்பியிருந்தால் இன்னும் 'அசல்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஓர் அரசரின் கைபட்ட தடயம் அதோடு போயிருக்கும்.

இதையெல்லாம் லாச்சப்பல்காரர் ஒருவர் எதற்கு எழுதுகிறார் என்று கேட்கலாம். எங்களிடமும் ஒரு கார் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில்.

ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். பிரித்தானியாவில் 1940களிலும் 50களிலும் செய்த இந்தக் கார்கள் வடக்கில் வாடகைக் கார்களாகவும் வீட்டுக் கார்களாகவும் தலைமுறை தாண்டி ஓடின. போரின்போது இலங்கை அரசு வடக்குக்கு விதித்த 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் எட்டாப் பொருளானது. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். அந்தப் புகையையும் மணத்தையும் அந்தத் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை.

இது ஏன் வேலை செய்தது? பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் அப்படி ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. சூடான எஞ்சினில் போதிய அளவு ஆவியாகும். அடுத்தது ஆக்டேன். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு, அழுத்தினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் 'நாக்' அடிக்கும். இன்றைய காரில் கலவையைப் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ அமுக்குகிறார்கள், அது மண்ணெண்ணெயைத் தாங்காது. ஏ40 எஞ்சினின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். போருக்குப் பிந்தைய மட்டமான பெட்ரோலுக்காக வடிவமைத்த அந்தச் சோம்பல்தான் அதைக் காப்பாற்றியது. பிரித்தானியாவின் பழைய ஃபெர்குசன் டிராக்டர்கள் சில இதே தத்துவத்தில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடின. யாழ்ப்பாண மெக்கானிக் அந்த இயற்பியலைத் தன் கராஜில் நெருக்கடிக்குள் நின்று செய்து காட்டினார்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்க வைக்கும், ரிங்கும் பேரிங்கும் தேயும். பிஸ்டன் தலையில் கரி கட்டியாகப் படியும். இவை எல்லாம் பொருளில் பதிந்த சாட்சியங்கள். கூடுதலாக வைத்த குழாய், கூடுதல் காக், கார்புரேட்டரில் செய்த கைவேலை, வேறு வாகனத்திலிருந்து எடுத்துப் பொருத்திய பாகம் ஆகியவையும் அப்படியே.

இப்போது அந்தக் கார்களைப் புலம்பெயர்ந்த பிள்ளைகள் பணம் அனுப்பிப் புதுப்பிக்கிறார்கள். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, குரோமியம் மின்ன, கல்யாண ஊர்வலத்துக்கு நிறுத்துகிறார்கள். பாசத்தில் செய்கிறார்கள், குறை சொல்ல மனமில்லை. ஆனால் பேர்மிங்காம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் ஏ40 இங்கிலாந்தில் நிறையவே இருக்கிறது. தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 உலகில் வேறெங்கும் இல்லை. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு இங்கிலாந்திலிருந்து அசல் பாகம் தருவித்துப் பொருத்தினால், கார் அழகாகும், சாதாரணமாகும்.

ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒரு கார் இருந்தால், பட்டறைக்கு அனுப்பும் முன் இவற்றைச் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். கழற்றும் எந்தப் பாகத்தையும் வீசாமல் பெயர் எழுதிப் பெட்டியில் போடுங்கள். பழைய பெயின்ட்டை முழுதாகச் சுரண்டாமல், கண்ணில் படாத ஓர் இடத்திலாவது கையகலம் விட்டுவையுங்கள். முக்கியமாக, அந்த மாற்றத்தைச் செய்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவர் எதை, ஏன், எப்படிச் செய்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது, இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.